சாவி மாமாவின் வெள்ளைக் கைக்குட்டை

என் தாய்மாமா வருவது முதலில் காதில் விழும், அப்புறம்தான் ஆள் கண்ணில் படுவார். இடுப்பில் கனத்த சாவிக்கொத்து. பல்கலைக்கழகத்தின் எந்திரவியல் ஆய்வுக்கூடங்கள் அத்தனைக்கும் சாவி அவரிடம்தான். விடுமுறை நாளில்கூட அதைக் கழற்ற மாட்டார். "குளிக்கிறப்பவாவது கழட்டுவாரா அத்தை?" என்று கேட்டால், "அதுக்கும் சேர்த்துத்தான் சோப்புப் போடுறாரு" என்பாள் அத்தை.

சாவி மாமா என்று பெயர் வைத்தவள் நான்தான். வீட்டில் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பிற்பாடு என் வகுப்பே அவரை அப்படிக் கூப்பிட்டது. அந்தப் பெயர் என் வாயில் இனித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது கசக்கிறது. ஆறின பிறகு இவரைப் பற்றிச் சொல்லலாம் என்று காத்திருந்து பார்த்தேன். ஆறுகிற வழியைக் காணோம். அதனால் சூட்டோடு சொல்கிறேன்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டார்கள். அம்மா படிப்பை நிறுத்திவிட்டு ஒரு தையல் கடையில் பட்டன் கட்டப் போனாள். போவதற்கு முன் தம்பிக்குச் சோறாக்கி மூடி வைத்துவிட்டுப் போவாள். தான் பசியோடு போனதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மாமாதான் சொல்வார். சொல்லும்போதெல்லாம் அவர் கண் கலங்கும். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. எனக்கு அதுதான் இன்றுவரை விளங்காத சங்கதி.

மாமாவுக்குப் படிப்பு ஏறவில்லை, கைவேலை ஏறியது. லேத் பட்டறையில் சேர்ந்தார். லேத் என்றால், இரும்புத் துண்டைச் சுழலவிட்டு, கூரான உளியை அதில் முட்டவைத்துச் சீவிச் சீவி உருவம் கொடுக்கிற இயந்திரம். மாலையில் வீட்டுக்கு வரும்போது முழங்கை வரைக்கும் கறுப்பாக இருக்குமாம். அம்மா தண்ணீர்த் தொட்டியருகே நிற்கவைத்துத் தேய்த்துக் கழுவிவிடுவாளாம், மீசை முளைத்த தம்பியை. கல்யாணம் ஆனதும் அந்த உத்தியோகம் அத்தைக்குப் போனது.

திடீரென்று பட்டறையை மூடிவிட்டார்கள். ஒரு வருஷம் போல மாமா வீட்டில் சும்மா இருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே எதற்கு என்ன கோளாறு என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். கேட்கத்தான் ஆளில்லை. "வாய்க்கு வேலை இருக்கு, கைக்குத்தான் இல்ல" என்று அத்தை ஒருநாள் சொல்லிவிட, அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. அந்த ஒரு வருஷம் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் அது எழுந்து வெளியே போகவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகம் முளைத்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஆய்வுக்கூடத்துக்கு ஆள் தேடினார்கள், மாமாவை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். வேலை நிரந்தரம் கிடையாது, ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். இருந்தாலும் வெள்ளைக் கோட்டு வெள்ளைக் கோட்டுதானே. பள்ளிக்கூடத்தையே தாண்டாத மனுஷர் தினமும் பல்கலைக்கழகம் போய்வந்தார். "எங்க குடும்பத்துல காலேஜுக்குப் போன மொத ஆளு என் தம்பிதான்" என்று அம்மா தையல் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்ற கேள்வி தெருவில் யாருக்கு வந்தாலும் மாமாவிடம்தான் வந்து நிற்பார்கள். மாமாவும் நாற்காலியில் சாய்ந்து, சாவிக்கொத்தை ஒரு உருட்டு உருட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

அம்மாவுக்கும் அங்கிருந்து வேலை வாங்கிக் கொடுத்தார். இயந்திரங்களுக்கு உறை தைக்கிற வேலை. அழுத்தமான நீலத் துணி, ஓரத்தில் வரிசையாகப் பட்டன். லேத்துக்கு ஒரு மாதிரி, துளை போடுகிற இயந்திரத்துக்கு ஒரு மாதிரி. மாமா அளவு எடுத்துக்கொண்டு வருவார், அம்மா வெட்டுவாள், நான் நூல் பிசிறு கத்தரிப்பேன். "மனுஷனுக்குத் தைச்சாக்கூட இவ்வளவு கச்சிதமா உக்காராது" என்று அம்மா தானே தன் முதுகில் தட்டிக்கொள்வாள். தினமும் ஓடுகிற இயந்திரத்துக்குப் பட்டன் வைத்த சட்டை எதற்கு என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தடயத்தை எங்கள் வீட்டிலேயே தைத்து, மடித்து, இஸ்திரி போட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

எனக்கு எந்திரவியல் பித்து பிடித்ததற்கும் அம்மாவின் தையல் மெஷின்தான் காரணம். அது அடிக்கடி தையலை விட்டுவிட்டுத் தைக்கும். ஏன் விடுகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பழுது பார்க்க வருகிறவர் எதையோ முடுக்கிவிட்டுப் போய்விடுவார். நான் அடித்தட்டைத் திறந்து படுத்துக்கொண்டு உள்ளே பார்ப்பேன். ஒரு பல் சக்கரம் இன்னொன்றைத் தள்ள, அது ஒரு தண்டை ஆட்ட, மேலே ஊசி இறங்கும். இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் கையால் செய்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். நானும் அந்த மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும். என் ஆசை மொத்தமும் அவ்வளவுதான்: ஒரு இரும்புத் துண்டு என் கையில் வேறொன்றாக மாற வேண்டும்.

பள்ளி முடிந்தது, மதிப்பெண் வந்தது, இரண்டு இடத்தில் இடம் கிடைத்தது. ஒன்று, பேருந்தில் பாதி நாள் தூரத்தில் இருந்த பழைய பல்கலைக்கழகம். இன்னொன்று மாமாவின் பல்கலைக்கழகம். அப்பா லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள்தான் அதிகம். போனில் கேட்டேன். "உன் மாமன் இருக்கறப்போ என்னைக் கேக்கறியே" என்றார்.

"ரெண்டையும் நேர்ல பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார் மாமா. எவ்வளவு நியாயமான பேச்சு! அம்மா அதைக் கேட்டுப் பூரித்துப் போனாள். "பாத்தியா, தான் வேலை பாக்கற இடம்னு என் தம்பி ஒரு கண்ணுல வெண்ணெயும் ஒரு கண்ணுல சுண்ணாம்பும் வெக்கல" என்றாள்.

முதலில் பழைய பல்கலைக்கழகத்துக்குப் போனோம். ஆய்வுக்கூடத்துக்குத் தகரக் கூரை. உடைந்த ஜன்னல்களில் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். தரை செருப்பைப் பிடித்து இழுத்தது. உள்ளே காது கிழிகிற சத்தம். தொந்தி பெருத்த ஆசிரியர் ஒருவர், "கண்ணாடியப் போடுறா! கண்ணு போனா உங்கப்பனா வாங்கித் தருவான்?" என்று யாரையோ கத்திக்கொண்டிருந்தார். தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்திருந்த ஒரு பெண் லேத்தின்முன் நின்றாள். மணிக்கட்டு வரை கறுப்பு. நான் பார்ப்பதைப் பார்த்து, சீவி விழுந்த ஒரு இரும்புச் சுருளை எடுத்து நீட்டினாள். "பாத்து, சூடு" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். நீலம் பூத்து, வெதுவெதுப்பாக, சுருண்டு சுருண்டு நீளமாக இருந்தது. மாமா அதை என் கையிலிருந்து வாங்கி மூலையில் வீசினார். "கையைக் கிழிச்சிடும் பாப்பா."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். சலவை மடிப்புக் கலையாதது. அதை லேத்தின் மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்து, அம்மாவிடம் விரித்துக் காட்டினார். கன்னங்கரேலென்று இருந்தது.

"பாத்தியாக்கா? இதான் இவங்க பராமரிப்பு. ஒரு மெஷினைத் துடைச்சு வெக்கத் துப்பில்ல. இவங்க நம்ம புள்ளைக்கு என்னத்தச் சொல்லித் தரப்போறாங்க?"

அம்மா அந்தக் கைக்குட்டையை இரண்டு விரலால் பிடித்தாள். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அதை எப்படிச் சொல்வது? சத்தம் நன்றாக இருக்கிறது, அதனால் இங்கே சேருகிறேன் என்றா சொல்ல முடியும்?

அடுத்து மாமாவின் இடம். அன்றைக்கு அங்கே ஓப்பன் டே. பெற்றோர்களும் பிள்ளைகளும் வந்து சுற்றிப் பார்க்கிற நாள். வாசலில் பலூன். உள்ளே தரையில் முகம் பார்க்கலாம். இயந்திரங்கள் எல்லாம் பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்த மாதிரி மின்னின. வெள்ளைக் கோட்டில் மாமா லேத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். பித்தளைக் கம்பியைச் சீவிச் சின்னச் சின்னப் பம்பரம் செய்து, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். அவ்வளவு லாவகமாக யாரும் லேத் ஓட்டி நான் அதற்குப் பின் பார்த்ததில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இன்னொரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அம்மாவின் கையிலேயே கொடுத்தார். "நீயே துடைச்சுப் பாருக்கா."

அம்மா துடைத்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் நாங்கள். அம்மா அந்தக் கைக்குட்டையை எனக்குக் காட்டி, "இதுக்கு மேல என்னடி வேணும்?" என்றாள்.

எனக்கு இன்னும் கொஞ்சம் தயக்கம் இருந்தது. மாமா அதைக் கண்டுபிடித்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சாவிக்கொத்தைக் குலுக்கினார்.

"அங்க போனா நீ கூட்டத்துல ஒருத்தி. மெஷினைத் தொட வரிசையில நிக்கணும். இங்க சாவி யார்கிட்ட இருக்கு?"

"உங்ககிட்ட."

"அப்புறம் என்ன? எப்ப வேணாலும் வா. தொறந்து விடறேன்."

அன்றே முடிவு செய்துவிட்டேன். பழைய பல்கலைக்கழகத்து இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். திரும்பி வரும்போது பம்பரத்தை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டே வந்தேன்.

முதல் ஆய்வுக்கூட வகுப்பில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் அம்மா தைத்த நீல உறைக்குள் லேத். பேராசிரியர் சுவரில் ஒரு படத்தைக் காட்டி, எது எது எங்கே இருக்கிறது என்று சொன்னார். நோட்டில் வரைந்துகொண்டோம். முடிகிற நேரத்தில் மாமா ஒரு உறையின் பட்டனைக் கழற்றி, லேத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டிவிட்டு, துடைத்து, மறுபடியும் பட்டனைப் போட்டார். அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கு அடுத்த வாரம் ஓட்டிக் காட்டுவதும் நின்றுபோனது.

முதல் வருஷம், அதனால் இப்படி இருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் மாலை தனியாகப் போய், "மாமா, தொறங்க" என்றேன்.

"இன்னைக்கு வேணாம் பாப்பா. சாரோட கையெழுத்து இல்லாம முடியாது."

இன்னொரு நாள் கையெழுத்தையே வாங்கிக்கொண்டு போனேன். "ஆயில் மாத்திப் போட்டிருக்கேன், ரெண்டு நாள் போகட்டும்" என்றார். அதற்கப்புறம் மின்சாரம் சரியில்லை. அதற்கப்புறம் யாரோ பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள், துடைத்து வைத்தது கலைந்துவிடும். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்களே, மாமாவுக்குத் தினம் ஒரு சறுக்கல். பையன்கள் என்னைக் கேலி செய்தார்கள். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாரு போல. உன் மாமாதானே, கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்!" என்பார்கள். நான் அவருக்காகப் பரிந்து பேசுவேன். பாவம், மேலே இருப்பவர்கள் சொல்வதை அவர் செய்கிறார், அவர் என்ன பண்ணுவார் என்பேன். அப்படி மனமாரத்தான் சொன்னேன்.

தேர்வு வரும். லேத்தின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிப்பேன். முழு மதிப்பெண். வீட்டில் அம்மா அதை எல்லாரிடமும் காட்டுவாள். நான் ஒரு இரும்புத் துண்டையும் தொடாமலே எந்திரவியலில் முதல் மாணவியாகிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருஷம் மாமாவின் மகள் பள்ளி முடித்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அவளும் எந்திரவியல்தான் வேண்டும் என்றாள். அப்பா அங்கேயே இருக்கிறார், சாவியும் அவரிடமே இருக்கிறது, எங்கள் பல்கலைக்கழகத்துக்குத்தான் வருவாள் என்று நான் என் பழைய நோட்டுகளையெல்லாம் அவளுக்கென்று கட்டி வைத்தேன். ஒருநாள் அம்மா சாதாரணமாகச் சொன்னாள், வாலு பழைய பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாளாம்.

மாமாவைக் கேட்டேன். "அவளுக்கு அங்கதான் கெடைச்சுது பாப்பா" என்றார். அதையும் நம்பினேன். நம்புவது ஒரு பழக்கம், லேசில் விட்டுப்போகாது.

அந்த வருஷ விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போனேன். பின்பக்கத்தில் அத்தை ஒரு காக்கிக் கோட்டைக் கல்லில் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு காலத்துல உன் மாமன் சட்டை. இப்போ மகாராணியோட சட்டை. என் தலையெழுத்து ஆயில்லதான் எழுதியிருக்கு" என்று அலுத்துக்கொண்டாள். குரலில் அலுப்பைவிடச் சந்தோஷம்தான் அதிகம்.

வாலு உள்ளேயிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவள் நகக்கண்களில் கறுப்பு. "அக்கா, இதப் பாரேன்" என்று ஒரு திருகாணியை என் கையில் வைத்தாள். சுற்றி ஓடுகிற மரை கொஞ்சம் கோணல். நட்டு பாதிவரை ஏறி நின்றுகொண்டது. "மொத தடவை. கோணிக்கிச்சு. வாத்தியார் அடிக்காத குறைதான். ஆனா நானே போட்டது!"

அது இன்னும் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. கொடுக்க மனசில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "நீ ஏண்டி எங்க காலேஜுக்கு வரல?" என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டும் என்றுதான் கேட்டேன்.

"ரெண்டு எடத்துலயும்தான் கெடைச்சுது. அப்பா விடல" என்றாள் அவள். "சேர்றதுக்கு முன்னாடி மெஷினைத் தொட்டுப் பாரு, அழுக்கா இருந்தா சேரு, சுத்தமா இருந்தா ஓடி வந்துடுன்னாரு. சுத்தமா இருந்தா யாரும் கைய வெக்கலன்னு அர்த்தமாம். அப்பாவுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும்க்கா."

அவள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். அதே மனிதர், அதே லேத், அதே அழுக்கு. அம்மாவிடம் கைக்குட்டையை விரித்துக் காட்டியபோதே அவருக்கு அதன் அர்த்தம் தெரிந்திருக்கிறது. பட்டறையில் பாதி வாழ்க்கை கழித்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அக்கா பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தால் தன் பிள்ளை தப்பித்துக்கொள்ளும் என்பது மாமா கண்டுபிடித்த பழமொழி.

மாலையில் அவர் வந்தார். முதலில் சாவிச் சத்தம் கேட்டது. அவர் காலைக் கழுவக் குழாயடிக்குப் போனபோது நானும் பின்னாலேயே போனேன்.

"தெரிஞ்சுதானே என்னை அங்க சேர்த்தீங்க?"

அவர் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. கொடியில் தொங்கிய காக்கிக் கோட்டைப் பார்த்தார். குழாயை மூடினார்.

"அந்த வருஷம் புள்ளைங்க சேரல. எங்க எல்லாரையும் கூப்பிட்டாங்க. வேலை பாக்கறவங்களே தன் வீட்டுப் புள்ளையைச் சேர்க்கலன்னா வெளியாளு எப்படி நம்புவான், ஆளுக்கு ஒரு புள்ளை கொண்டுட்டு வாங்க, இல்லன்னா அடுத்த வருஷம் வராதீங்கன்னாங்க."

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா?"

"வாலு அப்போ சின்னப் பொண்ணு."

"பெரிய பொண்ணா இருந்திருந்தா?"

'அவளையும்தான் சேர்த்திருப்பேன்' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ சொன்னவருக்கு அந்த ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. "மறுபடியும் வீட்ல உக்கார என்னால முடியாது பாப்பா" என்றார். அவர் கண் கலங்கியது. எனக்கு அதைத் துடைத்துவிடத் தோன்றவில்லை. அழுவதற்கு அவருக்கு உரிமை இல்லை என்றுதான் தோன்றியது.

"எப்ப வேணாலும் வா, தொறந்து விடறேன்னீங்களே மாமா."

"காட்டறதுக்குன்னு வெச்சது, தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு. நான் என்ன பண்ணட்டும்?"

அன்றே வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா அந்த வருஷத்து உறைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச தூரம் தைத்தாள். பிறகு நூலை வெட்டி, துணியைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். அந்த நீலத் துணியை அவள் மறுபடி எடுக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து உறைகள் எங்கே என்று மாமா வந்தார். பாதி தைத்த துணியை அம்மா அவர் மடியில் போட்டாள்.

"என்னக்கா, முடியலயா? அளவுல ஏதாவது தப்பா?"

"துணிக்கு எடுத்த அளவு சரிதான்டா" என்றாள் அம்மா. "உன்னைத்தான் நான் சரியா அளக்கல."

அம்மா அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பசியோடு வேலைக்குப் போய்த் தம்பிக்குச் சோறு மூடி வைத்தவள், தம்பி எழுந்து போகிற வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகுதான் அழுதாள்.

கடைசி வருஷம் வந்தது. அந்த வருஷ ஓப்பன் டேயில் முதல் மாணவி என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்து லேத் பக்கத்தில் நிறுத்தினார்கள். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். எனக்கும் வெள்ளைக் கோட்டு. அந்தப் பக்கம் மாமா பம்பரம் கடைந்துகொண்டிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டு மாதக்கணக்கு ஆகியிருந்தது.

மத்தியானம் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அந்த அம்மா ஏதோ கடையில் வேலை செய்கிறவர் போல, கடையின் பெயர் போட்ட சட்டையோடு நேராக வந்திருந்தார். மாமா கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். "நீங்களே துடைச்சுப் பாருங்கம்மா." அந்த அம்மா துடைத்தார். வெள்ளையாக இருந்தது. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். என் அம்மாவின் முகமும் அப்படித்தான் மலர்ந்தது.

அந்தப் பெண் என்னிடம் திரும்பினாள். "அக்கா, நீங்க இதுல என்னல்லாம் செஞ்சிருக்கீங்க?"

"எல்லாம் செஞ்சிருக்காங்கம்மா, இவங்கதான் ஃபர்ஸ்ட்..." என்று மாமா தொடங்கினார்.

"ஒண்ணும் செஞ்சதில்ல" என்றேன். "தொட்டதுகூட இல்ல. வருஷம் பூரா இதுக்குச் சட்டை போட்டுத்தான் வெச்சிருப்பாங்க."

மாமா லேத்தை நிறுத்தினார். எங்களைத் தவிர அங்கே கேட்க யாரும் இல்லை.

"பழைய பல்கலைக்கழகம் ஒண்ணு இருக்கு" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "தரையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும், ஒரு வாத்தியார் கத்திட்டே இருப்பாரு. மெஷினைத் துடைச்சா கைக்குட்டை கறுத்துடும். ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடுங்க." அந்த அம்மா என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

மாமா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூட்டமெல்லாம் கலைந்தபின், அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். அதை அவர் கழற்றி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. என் கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"போ. யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன். எவ்வளவு நேரம் வேணுமோ ஓட்டு" என்றார்.

கொத்து இன்னும் அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. இத்தனை வருஷம் நான் கேட்டது. வேண்டாம் என்று முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. ஆனால் ஆசை ரோஷத்தைவிடப் பெரியது. மஞ்சள் கோட்டைத் தாண்டினேன். அதற்குள் உறையைப் போட்டுவிட்டிருந்தார்கள். அம்மா கட்டிய பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உறையை மடித்து வைத்தேன். ஒரு இரும்புத் துண்டை எடுத்துக்கொண்டு லேத்தின்முன் நின்றேன்.

எல்லாம் தெரிந்த முகங்கள். எத்தனை தடவை வரைந்திருப்பேன். இது தலைப்பகுதி, இது வால்பகுதி, இது உளியைப் பிடிக்கிற இடம். கண்ணை மூடிக்கொண்டு வரைவேன், பெயர் எழுதுவேன், அம்புக்குறி போடுவேன். இந்தத் துண்டை எதில் மாட்டுவது, எவ்வளவு இறுக்குவது, எந்தக் கைப்பிடியை முதலில் திருப்புவது என்பது எனக்குத் தெரியவில்லை. கையை ஒரு பிடியில் வைத்தேன், எடுத்தேன், இன்னொன்றில் வைத்தேன்.

கதவருகே நின்ற மாமாவால் பொறுக்க முடியவில்லை. "பாப்பா, மொதல்ல அந்த..."

"சொல்லாதீங்க" என்றேன்.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்ததா, வெட்கத்தில் வந்ததா தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் எனக்கு எந்திரவியல் பட்டம் கொடுக்கப் போகிறார்கள். நான் ஒரு சுவிட்சைத் தேடிக்கொண்டு நின்றேன்.

இரும்புத் துண்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன். உறையைப் போர்த்தி, பட்டன்களைப் போட்டேன். அம்மாவின் தையல், ஒரு பட்டன்கூட ஆடவில்லை. வெளியே வந்து சாவிக்கொத்தை மாமாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கி இடுப்பில் மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மெஷினைத் தொட்ட கையைக் கழுவக் குழாயடிக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுக் கையைப் பார்த்தேன். கழுவ ஒன்றும் இல்லை.